கடைவீதியைச் சீர்செய்ய இறங்கும் வணிகர் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைவீதியை மேம்படுத்துவோம் என்று வணிகர் சங்கம் கூட்டம் போட்டால், ரிப்பன் வெட்டித் திறக்கக்கூடிய வேலைகள்தான் முதலில் தீர்மானமாகும். சாக்கடை, பைக் நிறுத்தம், கடை முன்வாசல் எல்லாம் கடைசி அஜெண்டா. அதற்குள் டீ வந்துவிடும், கூட்டமும் கலைந்துவிடும். வாடிக்கையாளர் பக்கத்து ஊருக்குப் போவதற்கான காரணம் பெரும்பாலும் அந்தக் கடைசி அஜெண்டாவில்தான் இருக்கிறது.

சாலை யாருடையது என்று பார்க்காமல் தொடங்குவது

பல சிறு நகரங்களில் மெயின் பஜார் என்பது மாநில நெடுஞ்சாலை அல்லது மாவட்ட முக்கியச் சாலை. நகர்மன்றத் தீர்மானத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கல் பதிக்க ஆரம்பித்தால், நெடுஞ்சாலைத் துறை வந்து நிறுத்தும். மின்கம்பத்தை நகர்த்த மின்வாரியத்தின் மதிப்பீடு வேண்டும். அந்தச் செலவு பொதுவாகக் கேட்டவர் தலையில்தான் விழும். குடிநீர், பாதாளச் சாக்கடைப் பணி ஏதாவது ஒப்புதலாகிக் காத்திருக்கிறதா என்று நகராட்சிப் பொறியாளரிடம் முதலிலேயே கேளுங்கள். கேட்காத ஊரில் பேவர் பிளாக் பதித்த சில மாதங்களில் பொக்லைன் வந்து நிற்கும்.

பேவர் பிளாக்கிலும் ஒரு விஷயம். நடப்பவர்களுக்கு 60 மி.மீ. கல் போதும். சரக்கு வேன் ஏறி நிற்கும் இடத்துக்கு 80 மி.மீ. வேண்டும். ஓரத்தில் கெர்ப் கல் (விளிம்புத் தடுப்புக் கல்) வைக்காவிட்டால் எந்தக் கல்லானாலும் விலகத் தொடங்கும். நடைபாதையின் உயரம் சாலையிலிருந்து 150 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் வயதானவர்கள் அதில் ஏறாமல் சாலையிலேயே நடப்பார்கள்.

பார்க்கிங் இல்லை என்று புலம்புவது

இதுதான் எல்லா ஊரிலும் முதல் புகார். இடத்தை அடைத்து நிற்பது யார் என்று எண்ணிப் பார்த்த சங்கங்கள் குறைவு. பத்தடி அகலக் கடையின் முன்னால் நாலு பைக் நிற்கலாம். அதில் முதலாளியுடையது ஒன்று, வேலையாட்களுடையது இரண்டு. காலை பத்து மணிக்கு வந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் நகரும். வாடிக்கையாளரின் வண்டி சராசரியாக அரைமணி நேரம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஒவ்வோர் இடமும் நாளுக்கு இருபது பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

கணக்கெடுப்பது எளிது. ஒரு சாதாரண நாள், ஒரு முகூர்த்த நாள். காலை 10, மதியம் 1, மாலை 5 மணிக்கு இரண்டு பையன்கள் வீதியில் நடந்து நம்பர் பிளேட்டின் கடைசி நான்கு எண்களைக் குறிக்கட்டும். மூன்று முறையும் அதே இடத்தில் இருக்கும் வண்டிகள் கடைக்காரர்களுடையவை. பட்டியலைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தால் புலம்பல் பாதியாகக் குறையும்.

தீர்வுக்கும் அடுக்குமாடிப் பார்க்கிங் தேவையில்லை. நூறு கடை, கடைக்கு இரண்டு வண்டி என்றால் 200 பைக். வழியும் சேர்த்து ஒன்றுக்கு மூன்று சதுர மீட்டர் வைத்தால் 600 சதுர மீட்டர், அதாவது 15 சென்ட் காலி மனை. நாலு நிமிட நடைதூரத்தில் அதை வாடகைக்கு எடுத்து, மேலே ஷீட் போட்டு, காவலுக்கு ஓர் ஆள் வையுங்கள். நிழல் இல்லாவிட்டால் ஊழியர்கள் அங்கே விட மாட்டார்கள். ஷீட் விஷயத்தில் சிக்கனம் பார்ப்பது வீண். லாரியில் சரக்கு இறக்குவதைக் காலை ஒன்பது மணிக்கு முன் முடிப்பது என்று மொத்த வியாபாரிகளையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களைக் கேட்காமல் போட்ட தீர்மானம் ஒரு வாரம்கூட நிற்காது.

தள்ளுவண்டிக்காரரை எதிரியாக்குவது

சங்கம் மனு எழுதும்போது பூக்காரம்மா, பழவண்டி எல்லாம் "ஆக்கிரமிப்பு" ஆகிவிடும். கடைக்காரர் வெளியே எடுத்து வைத்த பொம்மையும் ஸ்டாண்டும் மட்டும் "டிஸ்ப்ளே". தன் முன்வாசலைத் தினவாடகைக்கு விட்டுவிட்டு அதே மனுவில் கையெழுத்துப் போடுபவரும் உண்டு.

2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்த முடியாது. இடம் ஒதுக்குவதில் நகர விற்பனைக் குழுவின் பங்கு பெரியது. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெருவோர வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். அதே குழுவில் வணிகர் சங்கத்தின் பிரதிநிதியும் இருக்கலாம் என்பது பல சங்கங்களுக்குத் தெரியாது. காவல் நிலையத்துக்கு நடப்பதைவிடக் குழுவில் ஓர் இருக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது. 1.8 மீட்டர் நடைபாதை விட்டு, மீதியில் வண்டிகளுக்குக் கோடு போடலாம். கடைகளுக்கும் அதே கோடுதான்.

சாக்கடை மேல் படிக்கட்டு

மூன்றடிக்கு இரண்டடி, நாலங்குலக் கனத்தில் ஒரு கான்கிரீட் மூடி சுமார் 135 கிலோ இருக்கும். அதைத் தூக்கவே நாலு ஆள் வேண்டும். அதன்மேல் கிரானைட் படி கட்டிப் பூசிவிட்டால் அந்தப் பத்தடியில் தூர் எடுக்கவே முடியாது. அடைப்பு அங்கே, தண்ணீர் புகுவது மேட்டுப்பக்கம் நாலு கடை தள்ளி. அதனால் அவரவர் தவறு அவரவருக்குத் தெரிவதே இல்லை. கழற்றி எடுக்கும் இரும்புப் படி, மூடியில் தூக்குக் கொக்கி, சில அடிக்கு ஒரு கம்பி வலை மூடி, இவ்வளவு போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் தூர் வாருங்கள். எடுத்த மண்ணை அன்றே அள்ளுங்கள். ஓரத்தில் குவித்தால் முதல் மழையில் திரும்ப உள்ளே போகும்.

கேமராவை எண்ணி, ஹார்டு டிஸ்க்கை எண்ணாதது

16 கேமரா. ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் (Mbps) என்ற சுமாரான தரத்தில் பதிந்தாலும் நாளுக்கு 21 ஜிபிக்கு மேல் போகும். மொத்தம் சுமார் 345 ஜிபி. கொட்டேஷனில் இருக்கும் 2 டிபி (2,000 ஜிபி) டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. திருட்டு பத்து நாள் கழித்து ஸ்டாக் எடுக்கும்போதுதான் தெரியும். அதற்குள் அந்தப் பதிவின்மேல் வேறு பதிவு ஏறியிருக்கும். 30 நாள் வேண்டுமென்றால் 10 டிபிக்கு மேல் தேவை. கம்பத்தில் இருபதடி உயரத்தில் மாட்டிய கேமராவில் தலைமுடிதான் தெரியும். முகம் வேண்டுமானால் பன்னிரண்டடி அளவில் மாட்டுங்கள். யுபிஎஸ் இல்லாத கேமரா மின்தடையில் கண்ணை மூடிவிடும்.

பணம்

கனடாவின் டொரான்டோவில் புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைக்காரர்கள் 1970-இல் தொடங்கிய முறை இன்று பல நாடுகளில் உண்டு: வட்டாரத்துக் கடைகள் எல்லாம் கட்டாயக் கட்டணம் செலுத்தி வீதியைப் பராமரிக்கும். இங்கிலாந்தில் இதற்கு வாக்கெடுப்பு நடத்தி, வாக்குகளின் எண்ணிக்கை, கடைகளின் வரி மதிப்பு இரண்டிலும் பெரும்பான்மை பெற வேண்டும். அதிகபட்சம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி வாக்கெடுப்பு. நம்மிடம் அப்படிக் கட்டாய வசூல் இல்லை. அதனால் சந்தா நியாயமாகத் தெரிந்தால்தான் வரும்.

பெட்டிக்கடைக்கும் நகைக்கடைக்கும் ஒரே தொகை வைப்பது முதல் தவறு. முகப்பு அடிக்கு மாதம் 20 ரூபாய் என்று வைத்தால் பத்தடிக் கடைக்கு 200, அறுபதடி ஷோரூமுக்கு 1,200. கட்டட உரிமையாளரைக் கேட்காமல் விடுவது அடுத்தது. வீதி நன்றானால் வாடகையை ஏற்றப்போகிறவர் அவர்தான்.

ஊர்ப் பணிக்கு மக்களும் அரசும் சேர்ந்து செலவிடும் நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்கு பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. அதை ஆளிடம் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே நகராட்சிக்குச் செலுத்தி ரசீது வாங்குங்கள். கட்டி முடித்தபின் பராமரிப்பு யாருடையது என்பதையும் அப்போதே எழுத்தில் பெறுங்கள். கழிப்பறைக்கு இது இரட்டிப்பு முக்கியம்: கட்டும் செலவு ஒருமுறை, தண்ணீர், ஆள், செப்டிக் டேங்க் லாரி எல்லாம் மாதாமாதம். பூட்டிக் கிடக்கும் கழிப்பறையால் முதலில் தவிப்பது நாள் முழுக்க நிற்கும் விற்பனைப் பெண்கள்.

எப்போது தோண்டுவது

தூர் வாருவதைத் தவிர, ஆடித் தள்ளுபடி முதல் பொங்கல் வரை மண்வெட்டியே வீதிக்குள் வரக் கூடாது. மாசி, பங்குனி நல்ல காலம். ஒப்பந்தக்காரரும் மார்ச் 31-க்குள் பில் போட அவசரப்படுவார்; அந்த அவசரத்தில் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிடாமல் ஏழு நாளாவது பார்த்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் தோண்டாமல், ஐம்பது மீட்டர் முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கச் சொல்லுங்கள். தேர் ஓடும் வீதியென்றால் கோயில் நிர்வாகத்திடம் தேரின் அகலத்தையும் வடம் திரும்பும் இடங்களையும் கேட்டுக்கொண்டு, சாலை நடுவே நிலையான சுவருக்குப் பதில் எடுத்து மாட்டக்கூடிய தடுப்பையே வையுங்கள்.