நீக்கப்பட்ட காட்சிகளைச் சேர்த்து ஒரு படத்தை நீட்டிப்பது எப்படி?

டேவிட் லிஞ்ச் இயக்கிய ‘ட்வின் பீக்ஸ்: ஃபயர் வாக் வித் மீ’ 1992-இல் வெளிவந்தபோது அதில் இடம்பெறாமல் போன காட்சிகளை, 2014-இல் அவரே ஒலியும் நிறமும் சீராக்கி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத் தொகுப்பாக ப்ளூ-ரேயில் வெளியிட்டார். அவற்றை மூலப்படத்துக்குள் பொருத்தி, மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் வடிவத்தை ரசிகர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். பிற படங்களின் நீக்கப்பட்ட காட்சிகள் பெரும்பாலும் பின்னணி இசையின்றி, சில நேரங்களில் திரையோரம் நேரக் குறியீட்டு எண்கள் ஓட, அரைகுறையாகவே கிடைக்கும் என்பதால், புதியவர்கள் இந்தப் படத்தில் கைபழகுவது எளிது. வட்டு சொந்தமாக வாங்கியதாக இருக்கட்டும். உருவாக்குவதை விற்கவோ இணையத்தில் ஏற்றவோ வேண்டாம்.

முதல் வேலை கணினியில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் யார் வருகிறார்கள், பகலா இரவா, என்ன உடை, அதற்குள் பார்வையாளருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எழுதுங்கள். மர ஆலைக்கு வரும் முதியவர் ஒருவர், தனக்கு விற்ற ‘இரண்டுக்கு நான்கு’ அங்குல மரச்சட்டம் அளந்தால் அந்த அளவில் இல்லை என்று வாதிடும் வேடிக்கையான காட்சி ஒன்று உண்டு. படத்தின் நாயகி லாராவின் அச்சம் முற்றிய பிறகு அதை நான் செருகினேன். அதுவரை சேர்ந்திருந்த இறுக்கம் முழுவதும் கலைந்துபோனது. லாராவின் கதை தொடங்கும் முதல் நாட்களுக்கு அதை நகர்த்திய பிறகே படம் மூச்சு விட்டது. இடம் கிடைக்காத காட்சியை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து, டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் புதிய திட்டம் தொடங்கி, கோப்புகளைச் சேர்ப்பதற்கு முன்பே டைம்லைன் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டை) வேகத்தை நொடிக்கு 23.976 ஃபிரேமாக அமையுங்கள். பிறகு மாற்றுவது தலைவலி. வேறொரு படத்துக்கு ஐரோப்பிய டிவிடியிலிருந்து காட்சி எடுத்தால், அது பெரும்பாலும் 25 ஃபிரேமில் விரைவுபடுத்தப்பட்டிருக்கும், குரல்களும் சற்றே கீச்சென்று ஒலிக்கும். அதன் வேகத்தை 95.9 விழுக்காடாகக் குறைத்து, சுருதியும் அதனுடன் இறங்கும்படி விட்டால் சரியாகிவிடும்.

ஒட்டு தெரிவது பெரும்பாலும் படத்தில் அல்ல, ஒலியில்தான். ஒரு காட்சியின் இசை அடுத்த காட்சிக்குள் நீண்டு ஓடும் இடத்தில் வெட்டினால், ஸ்வரம் பாதியில் அறுந்து நிற்கும். ஆகவே இசை முடிந்து, அறையின் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்கும் இடத்தைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால், ஆறு தனிச் சேனல்கள் கொண்ட 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருப்பதைப் பயன்படுத்தி, அதை மட்டும் வைத்துக்கொண்டு, படத்தின் இசைத்தட்டிலிருந்து அதே இசையைத் தனி டிராக்கில் இட்டு மெல்லத் தேய்ந்து மறையச் செய்யலாம். புதிய காட்சியின் ஒலியைப் படத்துக்குப் பன்னிரண்டு ஃபிரேம் முன்னதாகவே தொடங்கவிடுவதும் நன்றாகப் பலன் தரும்.

நிறத்தைப் பொருத்த, வெட்டின் இருபுறமும் உள்ள ஃபிரேம்களை அருகருகே வைத்து முகத்தின் தோல்நிறத்தை ஒப்பிட்டால் போதும். பிறகு முழுப்படத்தையும் ஒரே அமர்வில், நிறுத்தாமல் பாருங்கள். ஒட்டுப்போட்ட இடங்களை மட்டும் இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். காது இடறிய இடங்களைக் குறித்துக்கொண்டு, மீண்டும் டைம்லைனுக்குத் திரும்புங்கள்.