கரி ஸ்மோக்கரா, பெல்லட் கிரில்லா? முதல் அடுப்பு வாங்குமுன் ஐந்து படிகள்

டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் குடியேறும் நம்மவர்கள் ஏதாவது ஒரு சனிக்கிழமை லாக்ஹார்ட் போய்வருவார்கள். தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அங்கே காகிதத்தில் வைத்துத் தரும் பிரிஸ்கெட்டை, அதாவது பல மணி நேரம் புகையில் வெந்த மாட்டு நெஞ்சிறைச்சியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியிலேயே, "நாமும் ஓர் அடுப்பு வாங்கினால் என்ன?" என்ற பேச்சு தொடங்கிவிடும். மறுநாள் என்னிடம் கேள்வி வரும்: கரி ஸ்மோக்கர் வாங்கலாமா, பெல்லட் கிரில் வாங்கலாமா?

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் நெருப்பை யார் பார்த்துக்கொள்வார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: எது எப்படி எரிகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

தொடங்குபவர்களுக்கு ஏற்ற கரி ஸ்மோக்கர், தோட்டாவை நிறுத்திவைத்தது போன்ற உருளை. வெபர் நிறுவனம் 1981 முதல் விற்றுவரும் ஸ்மோக்கி மௌண்டன் இந்த வகையில் பெயர்பெற்றது. அடியில் கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேல் கறி வைக்கும் கம்பித்தட்டுகள். கீழேயும் மூடியிலும் காற்றுத் துவாரங்கள் இருக்கும். கீழ்த் துவாரங்களைத் திறந்தால் தணல் ஏறும், மூடினால் அடங்கும். தண்ணீர்த் தட்டு, கரியின் நேரடி அனலைத் தடுத்துச் சூட்டை நிதானமாக வைத்திருக்கும். மின்சாரம் வேண்டாம். பழுதாகும் பாகம் என்று பெரிதாக எதுவும் கிடையாது.

பெல்லட் கிரில்லை 1980-களில் ஓரிகன் மாநிலத்தில் உருவாக்கியவர் ஜோ ட்ரேகர். மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சில் துண்டு போன்ற சிறு உருளைகள்தான் பெல்லட். பக்கத்துப் பெட்டியில் அவற்றைக் கொட்டினால், மோட்டாரில் சுழலும் ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். பழுக்கக் காயும் கம்பி பற்றவைக்கும், மின்விசிறி ஊதும். நீங்கள் குறித்த சூட்டுக்கு ஏற்ப எவ்வளவு தள்ளுவது என்பதை ஒரு மின்னணுக் கருவி பார்த்துக்கொள்ளும். ஏறக்குறைய ஓர் ஓவன்தான். எரிபொருள் மட்டும் மரம்.

படி 2: உங்கள் வீட்டையும் நாளையும் கணக்கில் எடுங்கள்

ஐந்தாறு கிலோ பிரிஸ்கெட் வேக 12 முதல் 16 மணி நேரம் ஆகும். கரி அடுப்பென்றால் முதல் இரண்டு மணி நேரம் கிட்டவே இருக்க வேண்டும். பிறகு மணிக்கொரு முறையாவது சூட்டைப் பார்க்க வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், இரவு வேலை முடித்துக் களைத்து வருபவர்களின் வீட்டில், இது எளிதில் நடக்கக்கூடியது அன்று. அவர்களுக்குத் தயங்காமல் பெல்லட் கிரில் வாங்கச் சொல்வேன். அதனால் சமையலின் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

அடுக்குமாடி வீடானால் பால்கனியில் கரி எரிக்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் கிடையாது. பெல்லட்டுக்கு வெளியே ஒரு பிளக் வேண்டும், மழை படாத இடமும் வேண்டும். எதை வாங்கினாலும் கராஜுக்குள் எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. கதவு திறந்திருந்தாலும் ஆபத்துதான்.

படி 3: எவ்வளவு புகை வேண்டும்?

பெல்லட் விசிறிக் காற்றில் சுத்தமாக எரிவதால் புகைச்சுவை மென்மையாக இருக்கும். கரியோடு இரண்டு மூன்று ஓக் அல்லது ஹிக்கரி மரத்துண்டுகளைப் போட்டால் சுவை ஆழமாக ஏறும். லாக்ஹார்ட்டில் சாப்பிட்ட ருசியைத் தேடுகிறவர்களுக்குக் கரிதான் பக்கத்தில் வரும். புகை வாடை மிஞ்சினால் சாப்பிடாத பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பெல்லட்டின் மென்மை ஒரு நன்மை.

கரியில் ஒரு விஷயம் முக்கியம். பற்றவைத்த சிறிது நேரம் வெள்ளைப் புகை திரண்டு எழும். அப்போது கறியை வைத்தால் நாக்கில் கசப்பு ஒட்டும். பொறுத்திருங்கள். மூடித் துவாரத்துக்கு மேலே, பின்னால் இருக்கும் மரம் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் புகை மெலிந்து இலேசான நீலம் பூக்கும். கறி வைக்க அதுதான் நேரம்.

படி 4: வாங்கிய பிறகு ஆகும் செலவு

உருளை ஸ்மோக்கர் விலை குறைவு, நெடுங்காலம் உழைக்கும். பெல்லட் கிரில்லில் பற்றவைக்கும் கம்பி, விசிறி, மோட்டார் என்று தேயும் பாகங்கள் உண்டு. உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

பெல்லட்டுக்கு எதிரி ஈரம். ஒரு முறை பெட்டியின் மூடியைச் சரியாக அழுத்தாமல் தூங்கிவிட்டேன், இரவில் மழை. காலையில் மேலிருந்த பெல்லட்டுகள் ஊறி உதிர்ந்து, புட்டுமாவு போல இருந்தன. திருகுக்குள் போனவை இறுகிக் கல்லாகிவிட்டன. முழுவதையும் கழற்றி, கம்பியால் குத்திக் குத்தி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பையைப் பிரித்ததும் இறுக்கமான மூடியுள்ள வாளியில் கொட்டிவையுங்கள்.

படி 5: முதல் சமையல் கோழித்தொடையாக இருக்கட்டும்

பிரிஸ்கெட்டில் தொடங்கிப் பலர் மனம் தளர்ந்துபோகிறார்கள். கோழித்தொடை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும். சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். கல்லுப்பும் கொரகொரப்பாக இடித்த மிளகும் போதும். மத்திய டெக்சஸ்காரர்கள் பிரிஸ்கெட்டுக்குப் போடுவதும் பெரும்பாலும் இவ்வளவுதான்.

கரி அடுப்பில், கரிக்கூடையைப் பற்றவைக்காத கரியால் நிரப்புங்கள். பதினைந்து இருபது துண்டுகளை மட்டும் தனியே ஒரு சிம்னி ஸ்டார்ட்டரில், அதாவது கரி பற்றவைக்கும் உலோகக் குழாயில் பற்றவைத்து, சாம்பல் பூத்ததும் மேலே கொட்டுங்கள். கங்கு மேலிருந்து கீழாக மெல்ல இறங்கும். மினியன் முறை என்று இதைச் சொல்வார்கள். சூடு 250 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கும்போதே கீழ்த் துவாரங்களைப் பாதியாகக் குறையுங்கள். தாண்டவிட்டு இறக்குவது கடினம். மூடித் துவாரம் எப்போதும் திறந்தே இருக்கட்டும். பெல்லட்டில் 275 ஃபாரன்ஹீட்டில் வைத்துக் காத்திருந்தால் போதும்.

மூடியில் பதித்த வெப்பமானியை நம்பாமல், கறிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். கோழிக்கு 165 ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் பாதுகாப்பான அளவு. தொடை 80 செல்சியஸைத் தாண்டினால்தான் மெத்தென்று இருக்கும்.

பிரிஸ்கெட்டுக்கு வரும்போது ஒன்று நினைவிருக்கட்டும். உட்சூடு 65 முதல் 75 செல்சியஸுக்குள் வந்ததும் சில மணி நேரம் அசையாமல் நிற்கும். அடுப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான்: கறியின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டைக் கூடவே கொண்டுபோகிறது. கசாப்புக் காகிதத்தில் சுற்றிவிட்டால் மீண்டும் ஏறும். 95 செல்சியஸை ஒட்டி, வெப்பமானியின் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் பதம்.

வேலை முடிந்ததும் கரி அடுப்பின் எல்லாத் துவாரங்களையும் மூடிவிடுங்கள். காற்று இல்லாமல் தணல் அவியும். மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு ஆகும். சாம்பலை இரண்டு நாள் ஆறவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். பெல்லட் கிரில்லில் பிளக்கைச் சட்டென்று பிடுங்காதீர்கள். நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் விசிறி சில நிமிடம் ஓடிக் கிண்ணத்தில் மிஞ்சியதை எரித்து முடிக்கும். இல்லாவிட்டால் நெருப்பு திருகு வழியாகப் பின்னோக்கிப் பெட்டிவரை ஊரக்கூடும்.