பேட்டன்ட் தேடலில் எதுவும் வரவில்லையா? அவசரப்படாதீர்கள்

கோவையில் ஒருவர் வெட் கிரைண்டரின் கல்லை ஒரே கையால் கழற்றும்படி ஓர் அமைப்பைச் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு வேறு யாராவது பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை, கேட்டிருக்கிறார்களா என்று பார்க்க, இரவு கூகுள் பேட்டன்ட்ஸைத் திறந்து ‘வெட் கிரைண்டர்’ என்று தேடுகிறார். வந்த சிலவற்றில் அவருடையதைப் போல ஒன்றும் இல்லை. மறுநாளே அதைத் தயாரிக்கும் அச்சு (மோல்டு) செய்ய முன்பணம் கொடுத்துவிடுகிறார்.

அந்த முன்பணத்தை நினைத்தால்தான் எனக்குப் பதைப்பாக இருக்கிறது. கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் பேட்டன்ட்ஸ்கோப், நம் நாட்டு பேட்டன்ட் அலுவலகத்தின் இன்பாஸ் எல்லாமே இலவசம், எல்லாமே அருமையான கருவிகள். ஆனால் அவை எதைக் காட்டாது என்று தெரியாமல் இறங்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

முதல் தவறு, கடைப் பெயரை வைத்துத் தேடுவது. பேட்டன்ட் எழுதுபவர் கிரைண்டரை கிரைண்டர் என்று எழுதவேண்டும் என்றில்லை. உரிமை அகலமாக இருக்கவேண்டும் என்பதால் ‘ஃபுட் பிராசசிங் அப்பரேட்டஸ்’ என்பார். கல் அங்கே ‘கிரைண்டிங் மெம்பர்’ ஆகிவிடும், டிரம் ‘ரொட்டேட்டிங் வெசல்’ ஆகிவிடும். எத்தனை சொல்லை மாற்றிப் போட்டாலும் ஏதாவது ஒன்று தப்பும். இதற்குத்தான் ஒவ்வொரு ஆவணமும் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று காட்டும் வகைப்பாட்டு எண்கள் இருக்கின்றன. ஏ47ஜே என்றால் சமையலறைக் கருவிகள், பி02சி என்றால் பொதுவாக நொறுக்குவதும் அரைப்பதும். உங்களுடையதற்கு நெருக்கமான ஓர் ஆவணம் கிடைத்ததும் அதில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணை வைத்தே மறுபடி தேடுங்கள். அந்த ஆவணம் மேற்கோள் காட்டும் பழையவை, அதை மேற்கோள் காட்டும் புதியவை இரண்டையும் திறந்து பாருங்கள். சொல்லால் பிடிபடாதது பெரும்பாலும் இந்த வழியில்தான் பிடிபடும்.

பழைய ஆவணங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. காகிதத்தை ஸ்கேன் செய்து, எழுத்தை இயந்திரம் படித்துப் பதிந்தவை அவை. ஓர் எழுத்து பிசகினாலும் உங்கள் சொல்லுக்கு அது சிக்காது. சீனாவில் மட்டும் ஆண்டுக்கு 15 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் வருகின்றன. அவற்றை நாம் படிப்பது இயந்திர மொழிபெயர்ப்பில், அதனால் அங்கேயும் சொல்லைவிட எண்ணும் படமும்தான் கைகொடுக்கும்.

அப்புறம், எவ்வளவு தேடினாலும் காணமுடியாத ஒரு பகுதி இருக்கிறது. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து, அல்லது அதற்கு முன்னுரிமைத் தேதி (அதே கண்டுபிடிப்புக்கு முதலில் விண்ணப்பித்த நாள்) இருந்தால் அதிலிருந்து, பொதுவாக 18 மாதங்கள் கழித்துத்தான் அது வெளியாகும். போன மாதம் வேறொருவர் இதையே பதிந்திருந்தால் இன்று எந்தத் தளமும் அதைச் சொல்லாது.

பேட்டன்டுகளை மட்டும் தேடுவதும் தவறுதான். மஞ்சள் கதையை நினைத்துப் பாருங்கள். புண் ஆற மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் பேட்டன்ட் பெற்றது. நம் வீடுகளில் அடிபட்ட குழந்தைக்கு மஞ்சளைக் குழைத்துப் பூசாத பாட்டி உண்டா? ஆனாலும் வாய்மொழி வழக்கம் போதாது, அச்சில் சான்று வேண்டியிருந்தது. நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர் பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் தேடி எடுத்துக் கொடுத்தது. 1997இல் அந்த பேட்டன்ட் ரத்தானது. அந்தச் சான்றுகள் கிடைத்தது பேட்டன்ட் தளங்களில் அல்ல. ஆய்விதழ், பழைய கேட்லாக், யூடியூப் வீடியோ எதுவானாலும் உங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தால் அது உங்கள் புதுமையைக் கெடுக்கும்.

கிடைத்ததைத் தப்பாகப் படிப்பவர்களும் நிறைய. சுருக்கத்தையும் படத்தையும் பார்த்துவிட்டு ‘இது வேறு’ என்று மூடிவிடுகிறார்கள். உங்களுடையது புதியதா என்று பார்க்க முழு விவரணையையும் படிக்கவேண்டும். விற்றால் வழக்கு வருமா என்பதற்குக் கடைசியில் இருக்கும் கிளெய்ம்களை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் வரிகளைப் படிக்கவேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்விகள். எண்ணின் முடிவில் ஏ1 என்று இருந்தால் அது பெரும்பாலும் வெளியான விண்ணப்பம்தான். அதை உரிமை கிடைத்த பேட்டன்ட் என்று எண்ணிப் பயப்படவேண்டாம்.

காலாவதி என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்பவேண்டாம். அந்த நிலை ஓர் அனுமானம்தான், சட்ட முடிவல்ல என்று கூகுளே தன் பக்கத்தில் சொல்கிறது. இந்தியாவில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியான பேட்டன்டையும் 18 மாதங்களுக்குள் விண்ணப்பித்து மீட்க வழி உண்டு. எந்த நாட்டில் விற்கப்போகிறீர்களோ அந்த நாட்டு அலுவலகப் பதிவேட்டில் பாருங்கள். பெரிய முதலீடு என்றால் பேட்டன்ட் ஏஜென்ட் ஒருவரிடம் காட்டுங்கள்.

தேடிய தேதி, சொற்கள், வகை எண்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விண்ணப்பிக்கும் முன் அதே பட்டியலை வைத்து இன்னொரு முறை தேடுங்கள். நம் பேட்டன்ட் அலுவலக இதழ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகிறது. போன மாதம் வெளிவராதது இந்த வெள்ளி வந்திருக்கலாம்.