பி.காம். விருப்பப்பாடம்: படிவத்தை நிரப்பும் முன்

கோவையில் வணிகவியல் எடுக்கிறேன். படிவம் கைக்கு வந்ததும் பிள்ளைகள் கேட்பது, "எது ஈஸி சார்?" பட்டம் வாங்கி எங்கே போகப்போறே என்று திருப்பிக் கேட்பேன்.

சி.ஏ. என்றால், பி.காமில் 55 சதவீதம் எடுத்தவர் ஃபவுண்டேஷன் என்ற முதல்நிலைத் தேர்வை எழுதாமல் நேரே அடுத்த நிலையான இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். ஆனால் கணக்கியல், தணிக்கை, வணிகச் சட்டம், நிறுமச் சட்டம், பொருளியல், மேலாண்மை, வரி, அடக்கவிலை, வணிக நிர்வாகம் ஆகியவற்றில் குறைந்தது மூன்று 100 மதிப்பெண் தாள்களாவது படித்திருக்க வேண்டும். பொது பி.காமில் இவை தானாகவே வந்துவிடும். சிறப்புப் பிரிவுக்காரர்கள் பாடத்திட்டத்தைப் பிரித்து, பென்சிலால் டிக் அடித்துப் பாருங்கள்.

வங்கித் தேர்வா? அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் நடத்தும் கிளார்க், பி.ஓ. (அதிகாரி) தேர்வுகளை எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். பிடித்ததை எடுங்கள்.

எம்.ஏ. பொருளியலோ டேட்டா வேலையோ மனதில் இருந்தால் வணிகப் புள்ளியியலை விடாதீர்கள். பிளஸ் டூவில் கணக்கு இல்லாதவர்கள் பெயரைக் கேட்டே ஒதுங்குகிறார்கள். சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவு, குறியீட்டெண் என்று பெரும்பாலும் சூத்திரம் போட்டுச் செய்யும் கணக்குகள்தான். கால்குலேட்டரும் தினம் அரை மணி நேரமும் இருந்தால் தேறிவிடலாம்.

பிற துறைப் பாடத்தில் மறுபடியும் வணிகவியல் வாடை வேண்டாம். உளவியலோ இதழியலோ கிடைத்தால் போய் உட்காருங்கள். கூட்டாளிகள் போகிறார்கள் என்று மட்டும் போகாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் துறையில் ஒரு வார்த்தை கேளுங்கள்: அந்தத் தாள் இந்த ஆண்டு நடக்கிறதா, யார் எடுக்கிறார்கள்? பட்டியலில் நான்கு இருக்கும். ஆசிரியர் இருப்பது இரண்டுக்குத்தான்.