எந்த கம்பெனி என்பதற்கு முன்னால் எந்த ப்ளக் என்று பாருங்கள்

ஆடித் தள்ளுபடி நேரத்தில் மிக்ஸி, கிரைண்டர் விற்கும் தி.நகர் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "எந்த கம்பெனி நல்லா இருக்கும்?" கடைக்காரர் தன்னிடம் ஸ்டாக் இருப்பதைச் சொல்வார். ஓரளவு பெயரெடுத்த கம்பெனிகளுக்குள் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சமையலறைப் பொருள் சீக்கிரம் கெடுவதற்கும், ஆறே மாதத்தில் பரணுக்குப் போவதற்கும் காரணம் பெரும்பாலும் வேறு. அதை எங்கே வைப்பது, எதில் செருகுவது, யார் கழுவுவது என்ற மூன்றையும் வாங்குவதற்கு முன் யாரும் யோசிப்பதில்லை.

முதலில் ப்ளக். சென்னையின் பழைய அபார்ட்மெண்ட்களில் சமையல் மேடைக்கு மேல் ஒன்றிரண்டு ப்ளக் பாயிண்ட் இருந்தாலே அதிகம். அதுவும் பெரும்பாலும் சின்ன பின், 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட்தான். 750 வாட் மிக்ஸிக்கு அது தாராளம். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குப் பெரிய பின், 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். பெரிய பின்னைச் சின்ன ப்ளக்கில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் எல்லா எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கிறது. தயவுசெய்து அதை வாங்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இண்டக்‌ஷன், கெட்டில், மைக்ரோவேவ் மூன்றையும் செருகுவதும் அதே கதைதான்: வயர் சூடாகி இளகும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேடைக்குத் தனி வயர் இழுத்துவிட்டு அப்புறம் அடுப்பை வாங்குங்கள். கையோடு ஒரு காந்தத்தையும் எடுத்து வீட்டுப் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத பாத்திரம் இண்டக்‌ஷனில் சூடாகாது. சாதாரண அலுமினிய குக்கர் அந்த வகைதான்.

மிக்ஸியைப் பொறுத்தவரை நாம் செய்யும் பெரிய தவறு, அதை எல்லா வேலைக்கும் இழுப்பது. விரலி மஞ்சள், சுக்கு, முழுக் கொப்பரை இவற்றை அப்படியே போட்டால் பிளேடு மழுங்கும், அடியில் ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் உடையும். இடித்துப் போடுங்கள், மஞ்சளை மட்டும் சாம்பார்பொடியோடு சேர்த்து மாவு மில்லுக்கு அனுப்பலாம். கொதிக்கக் கொதிக்க வதக்கிய தக்காளி வெங்காயத்தை ஜாரில் போட்டு மூடி ஓட்டுவது இன்னும் மோசம். உள்ளே நீராவி அழுத்தம் கூடி மூடியைத் தூக்கி எறியும், சட்னி முகத்தில் வரும். ஆறிய பிறகு அரைக்கப் பத்து நிமிடம் பொறுத்தால் போதும். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நின்றுவிட்டால் உடனே ரிப்பேர்காரரைத் தேட வேண்டாம். பல மாடல்களில் அடியில் சின்ன சிவப்பு பட்டன் இருக்கும், ஓவர்லோடு ஆனால் அது வெளியே வந்துவிடும். ப்ளக்கை எடுத்துவிட்டு, ஜாரைப் பாதி காலி செய்து, மோட்டார் ஆறியதும் அதை அழுத்துங்கள்.

2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கிரைண்டர் ஏறாத வீடு குறைவு. ஆனாலும் "மிக்ஸி இருக்கே, எதுக்கு அது" என்று அதை மூலையில் ஒதுக்கிவிட்டு இட்லி மாவை மிக்ஸியில் அரைக்கிறவர்கள் நிறைய. மிக்ஸி பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுற்றுகிறது. மாவு சூடேறும், உளுந்து பொங்கி வராது. கல் மெதுவாகச் சுற்றுவதால்தான் உளுந்து பஞ்சு மாதிரி உபரியாகிறது. மிக்ஸியை விட்டால் வழியில்லை என்றால் ஐஸ் தண்ணீர் ஊற்றி, நிறுத்தி நிறுத்தி அரைக்கலாம். கிரைண்டர் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது இது: பெட்டியில் 2 லிட்டர் என்று போட்டிருப்பது டிரம்மின் கொள்ளளவு. கழுத்து வரை நிரப்பினால் உளுந்து பொங்கும்போது மேடையெல்லாம் மாவுதான். புதுக் கல்லில் முதலில் ஒரு பிடி அரிசியை அரைத்துக் கொட்டிவிட வேண்டும், கல்தூள் போகும். கல்லைத் தூக்கிக் கழுவ உங்களால் முடியுமா என்பதையும் கடையிலேயே தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

குக்கரில் விசிலை எண்ணுவது நம் ஊர்ப் பழக்கம். தீயைக் கூட்டினால் விசில் சீக்கிரம் வரும், பருப்பு வெந்திருக்காது. முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து நிமிடக் கணக்கில் வைப்பதுதான் சரி. வெயிட் இருக்கும் குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ், அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் வேகிறது. நுரைக்கும் பருப்பைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை போய் ஆவிக்குழாயை அடைத்தால் சேஃப்டி வால்வ்தான் காப்பாற்ற வேண்டும். அந்த வால்வை வேறு கம்பெனியுடையதாக மாற்றுவதில் சில ரூபாய்தான் மிச்சம், விபத்துக்கு வழியும் அதுவே. கேஸ்கட் தளர்ந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்காமல் புதிது மாற்றுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2347 என்ற எண்ணும் இல்லாத குக்கரை விலை குறைவென்று நடைபாதையில் வாங்கவே வேண்டாம்.

தோசைக்கல்லுக்கு பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும், கடல்காற்று. கழுவி ஈரத்தோடு வைத்தால் மறுநாள் துரு. துடைத்து, அடுப்பில் காயவைத்து, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். சூடான வார்ப்பிரும்புக் கல்லைக் குழாயடியில் நீட்டினால் விரிசல் விடும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியில் எண்ணெய் ஏறிய பதம் போய்விடும். நான்ஸ்டிக் பிடித்தவர்கள் வெறும் தவாவைப் பெரிய தீயில் காயவிடாதீர்கள். சுமார் 260 டிகிரிக்கு மேல் பூச்சு சிதையத் தொடங்குகிறது.

ஏர் ஃப்ரையர் இப்போது எல்லோருக்கும் பிடித்தது. அது எண்ணெய்ச் சட்டிக்கு மாற்று அல்ல, விசிறி வைத்த சின்ன ஓவன். சேப்பங்கிழங்கு ரோஸ்ட்டும் நேற்றைய சமோசாவும் அதில் அருமையாக வரும். பஜ்ஜி மாவு மட்டும் சொட்டிக் கூடையில் ஒட்டும், அப்பளம் காற்றில் பறந்து மேலே இருக்கும் ஹீட்டர் காயிலில் போய் உட்காரும்.

இத்தனை செலவு செய்கிறவர்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறை எடை மிஷினை விட்டுவிடுகிறார்கள், என் பட்டியலில் அதுதான் முதல். அடுத்தது கத்தி. கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்கினால் எவ்வளவு விலை கொடுத்த கத்தியும் மழுங்கிவிடும். மரப்பலகை ஒன்று போதும். சாணை பிடிப்பவர் உங்கள் தெருவுக்கு இன்னும் வருகிறார் என்றால் அரிவாள்மனையையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.