தைராய்டு வந்த பிறகு வீட்டுல சண்டை ஜாஸ்தியா? இப்படி செஞ்சு பாருங்க

நாப்பது தாண்டி தைராய்டு கம்மியாச்சுன்னா உடம்போட மனசும் டல்லாயிடும், சும்மாவே அழுகை, எரிச்சல், மறதி, படுக்கையில ஆசையும் கொறையும், இத வீட்டுக்காரர்கிட்ட வாய்விட்டு சொல்லிடுங்க, இல்லன்னா தன்னை புடிக்கலன்னு அவரா ஒண்ணு நெனச்சுக்குவார். சண்டை நடுவுல வேணாம், சாயங்காலம் வேலூர் கோட்டை பக்கம் நடந்துகிட்டே சொல்லுங்க (மாமியார் காதுக்கும் எட்டாது). அடுத்த செக்கப்புக்கு அவரையும் இழுத்துட்டு போங்க, நாம சொன்னா நம்பாதவங்க டாக்டர் சொன்னா நம்புவாங்க.

தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல, காபி அரை மணியிலேருந்து ஒரு மணி நேரம் கழிச்சு. கால்சியம், அயர்ன் மாத்திரைக்கு 4 மணி நேரம் கேப். டோஸ் மாத்துனா 6-8 வாரம் கழிச்சு டிஎஸ்எச் (தைராய்டு அளவு பாக்குற ரத்த டெஸ்ட்) பாப்பாங்க, அதுக்குள்ள மூடு சரியாகலன்னு மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க.

வேலூர் வெயில்ல யாருக்குத்தான் வேர்க்காது, ஆனா மார்கழி ராத்திரியிலயும் குப்புனு சூடு ஏறி நனைஞ்சா அது பீரியட்ஸ் நிக்கப்போற நேரத்து மாற்றமாவும் இருக்கலாம், டாக்டர்கிட்ட தனியா கேளுங்க.

ரெண்டு வாரம் தாண்டியும் மனசு எழும்பலன்னா மனநல டாக்டர பாருங்க. செத்துடலாம்னு தோணுனா காத்திருக்காதீங்க, 14416-க்கு கூப்பிடுங்க, அது அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மனாஸ், தமிழ்லயே பேசலாம்.