கரண்ட் பில்லை 500 யூனிட்டுக்குள்ள நிறுத்தறது எப்படி? மீட்டர்ல மினுக்கற சிவப்பு லைட் போதும்

மளிகையிலயோ பால்லயோ பத்து ரூபாய்க்கு கூட வாங்குனா பத்து ரூபாதான் கூடும், ஆனா ஈபி பில் அப்படி இல்லைங்க. தமிழ்நாட்டுல 2024 ஜூலைல மாத்துன ரேட்டை வச்சு கணக்கு போடுங்க. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் ஓடிருந்தா முதல் 100 ஃப்ரீ, அடுத்த 100க்கு யூனிட் 2.35, 201ல இருந்து 400 வரைக்கும் 4.70, கடைசி 100க்கு 6.30, ஆக மொத்தம் 1805 ரூபா. அதுவே 510 ஓடிருந்தா? 2124 ரூபா. பத்து யூனிட்டுக்கு 319 ரூபா! 500ஐ தாண்டுன உடனே அந்த 2.35 சலுகை காலி, 101ல இருந்தே 4.70 போட்டுருவாங்க, 500க்கு மேல 600 வரைக்கும் யூனிட் 8.40. (ரேட்டு அப்பப்ப மாறும், உங்க கடைசி பில்லையும் ஒரு தடவை பாத்துக்கோங்க.)

அதனால எங்க வீட்டுல "லைட்டை அணை, ஃபேனை அணை"ன்னு நாள் பூரா கத்தறதை விட்டுட்டு, 500ஐ தாண்டாம இருக்க என்ன வழின்னு மட்டும் பாக்க ஆரம்பிச்சோம்.

முதல்ல டார்கெட் நம்பர். ஈபி ஆள் ரீடிங் எழுதற வெள்ளை அட்டைல கடைசியா எழுதுன ரீடிங்கோட 470ஐ கூட்டி, கேலண்டர்ல பெருசா எழுதுங்க. 500 இருக்கும்போது ஏன் 470னா, ரீடிங் எடுக்க வர்றவர் மூணு நாலு நாள் லேட்டா வந்தா அந்த நாள் யூனிட்டும் சேந்துதானே ஏறும். மீட்டர் டிஸ்ப்ளேல தேதி, டைம், வோல்டேஜ்னு நம்பர் மாறி மாறி ஓடும், எல்லாத்தையும் விட்டுட்டு பக்கத்துல கேடபிள்யூஹெச்னு (kWh, அதுதான் யூனிட்) வர்ற நம்பரை மட்டும் எடுங்க. வெறும் கேடபிள்யூன்னு (kW) இருந்தா அது வேற. புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பர் வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நோட்டுல எழுதிட்டு வாங்க. இதுக்கு ஆப்பெல்லாம் தேவையில்லைங்க, மீட்டர் பாக்ஸ் பக்கத்துல நூல்ல கட்டித் தொங்கவிட்ட பேனாதான் பெஸ்ட். ஒரு நாளைக்கு சராசரி 8 யூனிட்டுக்குள்ள இருந்தா கவலை இல்ல.

அடுத்தது எது எவ்வளவு இழுக்குதுன்னு கண்டுபிடிக்கறது. இங்கதான் சிவப்பு லைட் வருது. மீட்டர் மூஞ்சில 3200 இம்ப் அல்லது 1600 இம்ப்னு பொடி எழுத்துல இருக்கும், அதாவது ஒரு யூனிட்டுக்கு அந்த லைட் அத்தனை தடவை மினுக்கும். மொபைல்ல ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு பத்து மினுக்கலுக்கு எத்தனை செகண்ட்னு எடுங்க. ஒரு மினுக்கல் வரும்போது ஸ்டார்ட் பண்ணுங்க, அதை ஒண்ணுன்னு எண்ணாம பூஜ்யம்னு எண்ணுங்க. 3200 மீட்டர்னா 11250ஐ அந்த செகண்டால வகுங்க, 1600னா 22500ஐ வகுங்க. வர்றதுதான் வாட். த்ரீ ஃபேஸ் மீட்டர்ல இந்த இம்ப் நம்பர் வேற மாதிரி இருக்கும், அப்போ 3 கோடியே 60 லட்சத்தை அந்த நம்பரால வகுத்து, வர்றதை செகண்டால வகுத்துக்கோங்க. பழைய சீலிங் ஃபேன் மட்டும் ஓடுனா 3200 மீட்டர்ல பத்து மினுக்கலுக்கு ரெண்டரை நிமிஷம் ஆகும், 75 வாட். போர் மோட்டார் போட்டா பதினொரு செகண்ட்ல முடிஞ்சிரும், அதைப் பாத்தப்புறம் டேங்க் நிரம்பி வழியற சத்தம் கேட்டா எங்க வீட்டுல எல்லாரும் ஓடுறாங்க.

இதுல கால வார்றது ஃப்ரிட்ஜ்தான். நீங்க ஃபேனை அளந்துகிட்டு இருக்கும்போது உள்ள கம்ப்ரசர் ஓட ஆரம்பிச்சிரும், திடீர்னு லைட் படபடன்னு அடிக்கும், உங்க ஃபேன் 200 வாட் இழுக்கற மாதிரி கணக்கு வரும். அளக்கற அரை மணி நேரத்துக்கு ஃப்ரிட்ஜ் ப்ளக்கை கழட்டிருங்க, கதவைத் திறக்காம இருந்தா உள்ள ஒண்ணும் ஆகாது. அப்புறம் லைட், ஃபேன்னு ஓடுற எல்லாத்தையும் அணைச்சுட்டு ஒரு தடவை சும்மா எண்ணுங்க. மெயினை அணைக்காதீங்க, எப்பவும் ப்ளக்ல கிடக்கற டிவி மாதிரி சாமானோட சுவிட்சையும் தொடாதீங்க. அப்பவும் லைட் மினுக்கும்! செட்டாப் பாக்ஸ், வைஃபை, ரிமோட்ல அணைச்ச டிவி, இதெல்லாம்தான். 3200 மீட்டர்ல பத்து மினுக்கலுக்கு 280 செகண்ட் ஆச்சுன்னா 40 வாட், ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட ஒரு யூனிட், ஒரு பில்லுக்கு 58 யூனிட், யாருக்கும் உபயோகமில்லாம. இந்த அளவை மத்த அளவுல இருந்து கழிச்சுக்கோங்க.

எண்ணற வேலையை பசங்ககிட்ட குடுத்துருங்க. நம்மளை விட கரெக்டா எண்ணுவாங்க, அதோட ராத்திரி செட்டாப் பாக்ஸ் சுவிட்சை போர்டுலயே அணைக்கறது அவங்க டிபார்ட்மெண்ட் ஆயிரும்.

அளந்து முடிச்சா எதுல கை வைக்கணும்னு தன்னால தெரியும். என் சாய்ஸ், ஹால்ல நாள் பூரா ஓடுற ஃபேனை முதல்ல கம்மி கரண்ட்ல ஓடுற பிஎல்டிசி (BLDC) ஃபேனா மாத்தறது. 75 வாட்டுக்கு பதிலா 30 வாட், பதினஞ்சு மணி நேரம் ஓடுனா பில்லுக்கு 40 யூனிட் மிச்சம். எல்லா ரூமுக்கும் ஒரே நேரத்துல வாங்காதீங்க, விருந்தாளி ரூம் ஃபேனை மாத்தி என்ன பிரயோஜனம்? ஏசியை 24ல வைங்க, ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீதம் மிச்சம்னு மத்திய அரசோட மின்சிக்கன அமைப்பே சொல்லுது. ஆனா வெட் கிரைண்டரை பாத்து பயப்பட வேண்டாம், அது 150 வாட் ரேஞ்சுதான், மாவாட்டறதை குறைச்சு ஒண்ணும் பெருசா மிச்சமாகாது.

நெட்டுல விக்கற "பவர் சேவர்" டப்பாவை மட்டும் வாங்கிறாதீங்க. பவர் ஃபேக்டரை (வர்ற கரண்ட்ல எவ்வளவு உண்மையா வேலைக்கு போகுதுங்கற கணக்கு) சரி பண்ணும்னு சொல்லுவாங்க, வீட்டு கனெக்‌ஷனுக்கு பில் போடறது யூனிட் கணக்குல, அதுல பவர் ஃபேக்டர் சரியானா ஒரு பைசா குறையாது.

அப்டேட்: "ஃபேன் ஓடுது, ஆனா மீட்டர் மினுக்கவே மாட்டேங்குது"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. அவங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு, அளக்கறதுக்காக அதோட ப்ளக்கையும் கழட்டிட்டாங்க. அப்போ ஃபேன் பேட்டரில ஓடுது, மீட்டருக்கு எப்படி தெரியும்? இன்வெர்ட்டரை ப்ளக்லயே விட்டுட்டு, பேட்டரி ஃபுல் சார்ஜ் ஆனப்புறம் எண்ணுங்க.

இன்னொரு அப்டேட், வாடகை வீட்டுல இருக்கறவங்களுக்கு. சப் மீட்டர் வச்சு ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபான்னு ஒரே ரேட் வாங்குனா இந்த 500 கணக்கு உங்களுக்கு கிடையாது, ஃப்ரீ 100ம் கிடையாது, ஆனா குறைக்கற ஒவ்வொரு யூனிட்டுக்கும் முழுசா 8 ரூபா மிச்சம். டிஜிட்டல் சப் மீட்டரா இருந்தா அதுலயும் இதே மாதிரி லைட் இருக்கும், இம்ப் நம்பரை மட்டும் பாத்துட்டு எண்ண ஆரம்பிங்க.